நிமிடத்துக்கு ஒரு சிமிட்டல்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை என் வீட்டு மின்மீட்டரில் பிறந்தது. எல்லாவற்றையும் அணைத்த பிறகும் அதன் சிவப்பு விளக்கு நிமிடத்துக்கு ஒரு தரம் கண்ணடித்தது. அடேயப்பா, யார் தின்கிறார்கள் என்று வீடெல்லாம் தேடினேன். இன்வெர்ட்டர்! கரண்ட் போனால் கைகொடுக்க வேண்டிய பெட்டி, சும்மா நிற்பதற்கே சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அப்போதே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

முதல் தொடக்கம்: ‘மாலை வெயில் சன்னலில் சாய்ந்து—’

சீ, வேண்டாம். வெயிலுக்கும் இன்வெர்ட்டருக்கும் என்ன சம்பந்தம்?

2

ஆகவே ஓர் ஆள். வீடு வீடாகப் போய் மீட்டர் ரீடிங் எடுப்பவர். மீட்டரில் ஏறாத செலவு உலகத்திலேயே கிடையாது என்பது அவர் கட்சி. (முதலில் வாத்தியாராக வைத்திருந்தேன். வாத்தியார் இந்தத் தப்பைச் செய்யமாட்டார்.) மனைவி பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். அடுக்களை மேடையில் அவளுடைய குஞ்சு பொரிக்கும் மின்பெட்டி. உள்ளே பன்னிரண்டு காடை முட்டைகள்.* ஏற்கெனவே இரண்டு தரம் எல்லாம் கூமுட்டையாகிவிட்டன.

“இந்தத் தடவையும் போச்சுன்னா பெட்டியத் தூக்கிப் போட்டுருவேன்” என்று சொல்லியிருந்தாள்.

* காடைக்குப் பதினேழு நாள். கதை நடப்பது பதினாறாம் நாள்.

3

அன்று லீவு போட்டிருந்த மனுஷர், என்னைப் போலவே வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துப் பார்த்தார். முட்டைப் பெட்டியையும் ஒரே ஒரு நிமிடம். அப்படியும் சிமிட்டல்! அடுக்களை மூலையில் நிற்கும் இன்வெர்ட்டருக்குக் கரண்ட் போகும் சுவிட்சைத் தட்டி அணைத்தார். நின்றது! முட்டைப் பெட்டியைத் திரும்பப் போட்டார். பெட்டி சுடுகிறது, மீட்டர் மூச்சுவிடவில்லை!

“ஆஹா, இலவசமா ஓடுதுடா!” என்று தனக்குத்தானே கைதட்டிக்கொண்டார்.

நம்புவீர்களா? நான் நம்புகிறேன். இருபது வருடம் மீட்டரையே பார்த்த கண். பெட்டிக்குக் கொடுத்துக் கொடுத்து இன்வெர்ட்டரின் பழைய பேட்டரி காலியாகிக்கொண்டிருப்பதை எந்த மீட்டர் காட்டும்?

மதியம் அடுக்களையிலிருந்து கீ, கீ என்று சத்தம். மனுஷருக்குத் தலைகால் புரியவில்லை. பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காமல் தீனி வாங்கக் கடைக்கு ஓடினார்.

4

அவளும் அவரும் வாசலில் ஒன்றாக வந்து சேர்ந்தார்கள்.

“ஏம்மா! குஞ்சு கத்துச்சும்மா! கீ, கீ, கீன்னு, தாளம் தப்பாம! இப்ப சத்தமில்ல, தூங்குது போல.”

“தாளம் தப்பாம எந்தக் குஞ்சுங்க கத்தும்? அது பேட்டரி தீருதுன்னு இன்வெர்ட்டர் கத்துறது!”

அவள் ஓடிப்போய்ப் பெட்டியில் கை வைத்தாள். சில்லென்றிருந்தது. அவர் சுவிட்சைப் போட்டார். தீனிப் பொட்டலம் கையிலேயே இருந்தது.

“அறிவில்லாம பண்ணிட்டேம்மா” என்றார். அழுதுவிட்டார்.

5

முதல் முடிவு: பன்னிரண்டும் பொரிந்தன. எழுதிவிட்டு எனக்கே கூச்சமாகிவிட்டது.

இரண்டாம் முடிவு: பன்னிரண்டும்—

முடியவில்லை. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் எழுத முடியவில்லை.

மூன்றாவது: அவள் ஒரு முட்டையை எடுத்து அவர் காதோடு வைக்கிறாள். “பேசாதீங்க. கேளுங்க.”

அவர் மூச்சைப் பிடித்துக்கொள்கிறார். நானும்தான். என் இன்வெர்ட்டர் சும்மா நின்று தின்றுகொண்டிருக்கிறது. தின்றுவிட்டுப் போகட்டும், அணைக்கமாட்டேன்.

இந்தாருங்கள், முட்டை. உங்கள் காதில் வைத்துப் பாருங்கள். ஏதாவது கேட்கிறதா?