கீழ்வயலின் வெள்ளைத் திட்டு

மடையைத் திறப்பதில் எவரையும் முந்திவிடுவார் என்பதால் அவருக்கு முந்திக்காரர் என்ற பெயரே நிலைத்துவிட்டது. ஆண்டுக்கு மூன்று போகம் எடுப்பவர். அவருடைய நிலம் ஓய்ந்து கிடந்ததை யாரும் கண்டதில்லை. அப்படிப்பட்டவருக்குப் பத்து நாளாகச் சோறு இறங்கவில்லை. கீழ்வயலின் ஓரத்தில், மாவு சிந்தியதைப்போல, வெள்ளையாக ஒரு திட்டு படர்ந்திருந்தது. உப்பு.

மண்ணைப் பரிசோதிக்க ஆள் வருவதாகக் கால்வாய் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. உப்பு வரம்பைத் தாண்டிய வயல்கள் பாசனப் பட்டியலிலிருந்து நீக்கப்படும் என்று அதன் கடைசி வரி சொன்னது. வீட்டில் அடுப்பு எரிவதே கீழ்வயலால்தான். மூன்று முறை படித்தார். மூன்று முறையும் அந்தக் கடைசி வரியிலேயே வந்து நின்றார்.

வேடனுக்கு அஞ்சி ஓடிய முயல் ஒன்று, ஒளிய இடம் தேடி அவனுடைய பைக்குள்ளேயே புகுந்துகொண்டதாம். முந்திக்காரர் செய்ததும் அதுதான். திட்டை மண்வெட்டியால் சுரண்டி, கூடை கூடையாக அள்ளி அப்புறப்படுத்தினார். பிறகு, தம் முறைக்குரிய மூன்று நாள் தண்ணீரையும் கீழ்வயலிலேயே கட்டி நிறுத்தினார். அது உப்பைக் கழுவிக்கொண்டு போய்விடும் என்பது அவர் நினைப்பு. அவருடைய மேல்வயலோ தண்ணீரில்லாமல் வாய் பிளந்து கிடந்தது.

"பரீட்சைக்குப் போற அன்னிக்கு மூஞ்சியக் கழுவிட்டா மார்க் வந்துருமா?" என்று கேட்டுவிட்டு மனைவி போய்விட்டாள்.

பரிசோதகர் நிதானமான ஒரு பெண்மணி. வரப்போரத்தையும் எருக்குழிப் பக்கத்தையும் ஒதுக்கி, வயலின் குறுக்கும் நெடுக்குமாக நடந்து பதினைந்து இடங்களில் மண் எடுத்தார். எல்லாவற்றையும் வாளியில் கலந்து, துணியில் பரப்பி, நான்கு கூறாக்கி, எதிரெதிரான இரண்டு கூறுகளைத் தள்ளிவிட்டார். எஞ்சியதில் ஒரு பிடியை நீரில் கரைத்து, உப்பை அளக்கும் கருவியை அதில் அமிழ்த்தினார். முந்திக்காரர் கருவியின் எண்ணை எட்டிப் பார்த்தார்.

வரம்புக்குள்தான் இருக்கிறது என்றார் அம்மையார்.

போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் அது வந்து உட்காருவதற்குள், அம்மையார் ஒரு நீண்ட துளைக்கருவியை எடுத்து மண்ணில் திருகத் தொடங்கினார். இடுப்பளவு ஆழத்துக்கு ஒரு குழி. அதன் அடியில் ஏதோ மினுங்கியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் ஊறி, மெல்ல மெல்ல ஏறி, தரைமட்டத்திலிருந்து முழங்கால் ஆழத்தில் நின்றது. அதை மொண்டு அளந்தபோது எண் வரம்பைப்போல மூன்று மடங்கு காட்டியது.

"கடைசியா எத்தன நாள் தண்ணி பாய்ச்சுனீங்க?"

படிவத்தின்மேல் பேனா காத்திருந்தது. ஒரு நாள்தான் என்று சொன்னால், மேலே உப்பு கழுவப்பட்டது தெரியாமல் மேல்மண்ணின் கணக்கே நிற்கும். வயல் பட்டியலில் இருக்கும். பொய் உதட்டு நுனிவரை வந்துவிட்டது. மனைவி பின்னால் நின்றாள். அவர் குழியைப் பார்த்தார். பட்டியலைவிட அந்தக் கலங்கல் நீர் அவரை அதிகம் அச்சுறுத்தியது. ஒரு சாண் ஏறினால் போதும், வேரைத் தொட்டுவிடும்.

"மூணு நாளும் இதுலயேதாங்க விட்டேன்," என்றார். "வெள்ளையா இருந்துச்சு. அதையும் நான்தான் சுரண்டினேன்."

"நீங்க கழுவலைங்க ஐயா. வடிய வழியில்லாத வயல்ல தண்ணியக் கட்டி, அடியில கெடந்த உப்ப மேல கூப்பிட்டிருக்கீங்க."

வயலைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவீர்களா என்று அவர் கேட்டார். அம்மையார் படிவத்தை நிரப்பாமலே மடித்தார். கீழோரம் நெடுக வடிகால் வெட்டவேண்டும், ஒரு மாதம் இந்த வயலுக்குச் சொட்டுத் தண்ணீர் கூடாது, திரும்பி வந்து அளந்த பிறகே எதுவும் எழுதுவேன் என்றார். நீர்மட்டத்தைக் கோடு கிழித்துக் காட்டிய ஒரு குச்சியையும் குழியில் நட்டுவிட்டுப் போனார்.

அவருடைய அடுத்த தண்ணீர் முறை வந்தது. முந்திக்காரர் வழக்கம்போல் எல்லோருக்கும் முன்னால் போய், கீழ்வயல் மடையைப் பலகையிட்டு அடைத்து, மேல்வயலுக்குத் திறந்துவிட்டார்.

"மூடுறதுலயும் முந்திட்டீங்க," என்றாள் மனைவி.

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. புதிதாக வெட்டிய வடிகாலைத் தாண்டி, குழியருகே மண்டியிட்டார். நீர் கோட்டுக்குக் கீழே இருந்தது, இரண்டு விரற்கடை. நம்பாமல் மறுபடியும் விரலை வைத்து அளந்தார். இரண்டேதான்.

எழுந்தபோது வரப்போரம் கண்ணில் பட்டது. ஒரு கையகலத்துக்கு வெள்ளை மறுபடியும் படர்ந்திருந்தது. கை தானாக மண்வெட்டியைப் பற்றியது. பிறகு அதை வரப்பில் சாய்த்துவைத்துவிட்டு, அந்த அம்மாள் வரும்போது கண்ணில் படும்படியாக, திட்டின் நடுவில் ஒரு குச்சியை நட்டார்.