முன்பல்லிலிருந்து நாற்பது சென்டிமீட்டர்

1

இந்தக் கதையை எழுதச் சொன்னதே என் அண்ணன்தான். தையல்காரர். "தாராளமா எழுது. பல்லு விஷயம் மட்டும் வரக்கூடாது" என்றார். பல் இல்லாமல் இந்தக் கதையே இல்லை. மன்னித்துவிடு அண்ணா.

2

முதலில் தொடங்கியது இப்படி: 'உணவுக்குழாயும் இரைப்பையும் சேருமிடத்தில் ஒரு இருள்...'

[அடித்துவிட்டேன். இருளாவது மண்ணாவது. அது புற்றுநோய்.]

அறுவை மருத்துவர் படம் வரைந்தார். இரண்டும் சேருமிடத்தில் ஒரு கோடு. கட்டியின் நடுப்பகுதி கோட்டுக்கு ஒரு சென்டிமீட்டருக்கும் மேலே இருந்தால் முதல் வகை. மார்பைத் திறக்க வேண்டும். கோட்டை ஒட்டியிருந்தால் இரண்டாம் வகை. வயிற்று வழியாகவே முடியலாம்.*

முதல் எண்டோஸ்கோப்பியில் கோடு நாற்பதாவது சென்டிமீட்டரில் தெரிந்தது; ரத்தம் கசிந்ததால் கட்டியை அளக்கவில்லை. இரண்டாவதில் கட்டியின் நடு முப்பத்தெட்டரை; வீக்கத்தில் கோடு தெரியவில்லை. மருத்துவர் கழித்துப் பார்த்தார். ஒன்றரை. மார்பு.

அண்ணனின் நுரையீரல் ஏற்கெனவே பழுது. மார்பைத் திறந்தால் தாங்குவாரா என்று எனக்குப் பயமாக இருந்தது.

* மூன்றாம் வகை கோட்டுக்குக் கீழே. இரண்டாம் வகைக்கு எந்த வழி என்பதில் மருத்துவர்களே ஒத்துப்போவதில்லையாம்.

3

"எங்கேர்ந்து அளந்தீங்க?" என்றார் அண்ணன். அளவு எடுப்பவர் கேட்கத்தானே செய்வார்.

"முன்பல்லுலேர்ந்து."

அண்ணன் வெளியே வந்ததும் என்னை ஓரங்கட்டினார்.

"முதல் தடவை பல்செட்டைக் கழட்டல. கட்டுன பல் இல்லன்னு சொல்லிட்டேன். ரெண்டாவது தடவை நர்ஸ் கண்டுபிடிச்சுக் கழட்ட வச்சிட்டாங்க. ஈறுலேர்ந்துதான் அளந்தாங்க. அண்ணிகிட்ட மூச்சு விடாத."

[இந்த இடத்தில் பாத்திரத்தின் மீது எனக்கே நம்பிக்கை போகிறது. உயிர் போகிற நேரத்தில் எவனாவது பல்லை மறைப்பானா? மறைத்தான்.]

நான் உள்ளே போய்ப் போட்டுக் கொடுத்தேன். மருத்துவர் தலையில் கைவைத்துக்கொண்டார்: பல்செட்டின் உயரம் முதல் அளவில் ஒரு சென்டிமீட்டர் கூட்டியிருக்கிறது. வீக்கம் வற்றியபின் மூன்றாம் முறை இரண்டையும் ஒன்றாக அளந்தார்கள். கோட்டுக்கு மேலே அரை சென்டிமீட்டர்தான். இரண்டாம் வகை.

"வயித்து வழியா ஆரம்பிக்கிறேன். வெட்டின ஓரத்துல நோய் இல்லன்னா அதோட சரி. இருந்தா நெஞ்சையும் திறந்துதான் ஆகணும்" என்றார்.

4

இப்போது அறுவை அரங்குக்கு வெளியே உட்கார்ந்து எழுதுகிறேன். முடிவு ஒன்று: வயிற்றில் மட்டும் தையல். முடிவு இரண்டு: மார்பிலும்... முடிவு மூன்றை எழுத மாட்டேன்.

பக்கத்தில் அண்ணி. என் பையில், டப்பாவுக்குள் பல்செட்.

அண்ணி கையை நீட்டினார். "அந்தப் பல்லைக் குடு. கண்ணு முழிச்சதும் அதைத்தான் தேடுவாரு. பதினாலு வருஷமா எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டிருக்காரு. நெனச்சுக்கட்டும்."

கொடுத்தேன். கதவு திறக்கிறது. மருத்துவர் முகக்கவசத்தை இறக்குகிறார்.

இதற்கு மேல் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ஒரு வேண்டுகோள்: அண்ணனை வெளியே கொண்டுவந்தால், அண்ணி பல்லை மாட்டிவிடும்வரை கொஞ்சம் வேறு பக்கம் பாருங்கள்.