சேனைக்கு ஆகாத வாய்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கொஞ்சம் என்பது நானாகச் சொல்லிக்கொள்வது. கொஸ்லந்தைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் யாரைக் கேட்டாலும் அந்தச் சொல்லை எடுத்துவிட்டுத்தான் சொல்வார்கள். மேட்டு லயத்து வீட்டுவரிசையில் நான் ஏசினால் பள்ளத்து லயத்தில் நாய் எழுந்து நிற்கும். கொழுந்து நிறுக்கும்போது கணக்கப்பிள்ளையை ஒருநாள் நான் கேட்ட கேள்வியில், மனுசன் தராசை அப்படியே விட்டுவிட்டுப் போய் வெற்றிலை போட்டுக்கொண்டு வந்தார். இதையெல்லாம் பெருமை என்றுதான் நினைத்திருந்தேன், என் தம்பி அழகையாவின் பெண்டாட்டி உண்டாகிறவரை.

பிறந்த பிள்ளையின் நாக்கில் முதன்முதலாகச் சீனித்தண்ணீர் தொட்டு வைப்பதை நாங்கள் சேனை என்போம். அதை வைக்கும்வரை தாய்ப்பால்கூடக் கிடையாது. யார் வைக்கிறார்களோ அவர்கள் குணம்தான் பிள்ளைக்கு வரும். அத்தைக்காரிக்கு அந்த உரிமை உண்டு, அத்தை என்று இருப்பவளும் நான் ஒருத்திதான். ஆனால் தம்பி பெண்டாட்டி ரெங்கம்மா, பெரிய கங்காணி வீட்டு வடிவம்மாவிடம் முன்கூட்டியே சொல்லி வைத்துவிட்டாள். வடிவம்மா பேசினால் பக்கத்தில் இருப்பவருக்கே பாதிதான் கேட்கும். பிள்ளைக்கு அந்தக் குணம் வரட்டுமாம். காதில் விழுந்தபோது, "எனக்கென்ன வந்துச்சு" என்றேன். வாரக்கணக்கில் அதையே சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

பிள்ளை எட்டாம் மாதமே பிறந்துவிட்டது. பெண். என் இரண்டு உள்ளங்கைக்குள் படுத்துக்கொண்டாள். எட்டு மாதப் பிள்ளை தங்காது என்று லயத்தில் பேச்சு உண்டு. ரெங்கம்மாவுக்கு இதற்கு முன் பிறந்ததும் தங்கவில்லை. மருத்துவச்சி தொப்புள்கொடியை அறுத்துப் பிள்ளையை என்னிடம் தந்துவிட்டுத் தாயைப் பார்க்கப் போனாள். வடிவம்மாவைக் கூப்பிட ஓடிய அழகையா தனியாகத் திரும்பி வந்தான்.

"குளிச்சு, சாமி கும்பிட்டு வர்றாங்களாம்க்கா."

வடிவம்மா எதையும் நிதானமாகத்தான் செய்வாள். அந்தக் குணத்துக்காகத்தானே கூப்பிட்டார்கள்.

பிள்ளையைக் கம்பளியில் சுற்றி அடுப்போரம் உட்கார்ந்தேன். சின்னக் கை வெடவெடவென்று நடுங்கியது. குளிர் என்று இன்னொரு சுற்றுச் சுற்றினேன். நடுக்கம் நிற்கவில்லை. பிறகு நின்றது, அப்போதுதான் எனக்குப் பயம் பிடித்தது. கையைத் தூக்கி விட்டால் ஈரத்துணி மாதிரி விழுந்தது. அழுகையும் இல்லை. மருத்துவச்சி வந்து தொட்டுப் பார்த்தாள்.

"வெறும் வயித்துல கெடக்குது. சேனைய வச்சுப் பாலக் குடுங்க. யாரு கையா இருந்தா என்ன?"

நான் ரெங்கம்மாவைப் பார்த்தேன். என் ஆயுசில் நான் வாயைத் திறக்காமல் காத்திருந்தது அந்த ஒரு நேரம்தான்.

"மதினி, நீங்களே வைங்க," என்றாள்.

அதோடு சும்மா இருந்திருக்கலாம். முடியவில்லை. "என் வாயி வந்துருமேடி பிள்ளைக்கு?" என்றேன்.

"வரட்டும் மதினி. ஊரையே ஏசட்டும். ஏசுறதுக்கு உசுரு இருந்தாப் போதும்."

சீனியைக் கரைத்து, துணித்திரியை நனைத்து, பிள்ளையின் நாக்கில் வைத்தேன். அப்போது நல்ல வார்த்தை சொல்ல வேண்டும். வடிவம்மா மாதிரி மெல்லச் சொல்லிப் பார்த்தேன். "தாயி... ராசாத்தி..." எனக்கே அது யார் குரலோ போலிருந்தது. பிள்ளையும் சட்டை செய்யவில்லை. தண்ணீர் கடைவாயில் வழிந்தது. எனக்கு ஆத்திரம் பொங்கியது.

"அடியே, எட்டு மாசத்துலயே ஓடி வந்தியே, அம்புட்டு அவசரம் இருந்துச்சில்ல? இப்ப முழுங்குறதுக்கு என்னடி கேடு?"

தொண்டை அசைந்தது. இன்னொரு சொட்டு, இன்னொரு ஏச்சு. பிழைக்க வைத்தது என் ஏச்சுதான் என்று சொல்லிக்கொள்ள ஆசை. சீனியாகத்தான் இருக்கும். கொஞ்சம் கொஞ்சமாக அந்த விரல்கள் என் விரலைப் பிடித்தன. திரியைச் சப்பினாள். பிறகு வாயைத் திறந்து அழுதாள். மருத்துவச்சி அவளை வாங்கி ரெங்கம்மாவின் மாரோடு சேர்த்து வைத்தாள்.

அதற்கப்புறம்தான் வடிவம்மா வெள்ளிக் கிண்ணத்தோடு வந்தாள். அழகையா தயங்கித் தயங்கி நடந்ததைச் சொன்னான். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"அதனால என்ன? நானும் ஒரு சொட்டுத் தொட்டு வச்சிர்றேன். அந்தக் கொணம் கொஞ்சம் தணிஞ்சிரும்."

மெதுவாகத்தான் சொன்னாள். எல்லாருக்கும் கேட்டது. என் நாக்கில் பதில் வந்து நின்றது. அதற்குள் ரெங்கம்மா முந்தானையை இழுத்துப் பிள்ளையின் முகத்தை மூடிக்கொண்டாள்.

"வேணாங்கம்மா. அந்தக் கொணமே அவளுக்கு இருக்கட்டும்."

என்னிடம் இருந்தது நல்ல பதில், கேட்டிருந்தால் வடிவம்மா ஒரு மாதம் தூங்கியிருக்க மாட்டாள். அதைச் சொல்லாமலே வெளியே போய், லயத்துச் சுவரில் சாய்ந்து அழுதேன்.