உப்பில்லாத சோறு

கெட்ட எண்ணத்தில் யாரும் எதுவும் செய்யவில்லை. அதுதான் என் வயிற்றெரிச்சல்.

என் மகள் தமிழ்மொழிக்கு நான்கு வயதில் கிட்னி நோய் வந்தது. இப்போது எட்டு. நோய் திரும்பும்போதெல்லாம் முகமும் காலும் வீங்கிவிடும். டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னார், நான் ஒரேயடியாக நிறுத்தினேன். அவளுக்கு மட்டும் சப்பென்று போட மனம் வராமல் நாங்களும் அதையே தின்றோம். எங்களுக்குப் பழகிவிட்டது. பாழாய்ப்போன அவள் நாக்குக்குத்தான் பழகவில்லை. கெஞ்சினேன், மிரட்டினேன், அடித்தும் பார்த்தேன். வாயைத் திறக்க மாட்டாள்.

இந்தச் சித்திரையில் நோய் மறுபடியும் வந்தது. ஆனால் திடீரென்று சாப்பிட ஆரம்பித்தாள். அவள் அப்பா முதல் ஷிஃப்ட் முடிந்து வந்து ஊட்டினால் தட்டு காலி. எனக்குத் தலைகால் புரியவில்லை. மருந்து கொடுத்தும் வீக்கம் மட்டும் ஏறிக்கொண்டே போனது. காலில் விரல் வைத்தால் குழி விழுந்தது. உப்பு ஏதாவது உள்ளே போகிறதா என்று டாக்டர் கேட்டார். சத்தியம் செய்தேன். திங்கட்கிழமைக்குள் வடியாவிட்டால் புதுச்சேரி ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொன்னார்.

அன்று சாயங்காலம் குழாயடியிலிருந்து வந்து அவளைத் தூக்கினேன். வாயில் பெருங்காயம் மணத்தது. நான் சமையலில் பெருங்காயமே போடுவதில்லை.

கேட்டதும் அவள் அப்பா மறைக்கவில்லை. பங்குனியில்தான் மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலைக்குச் சேர்ந்தார். வெயிலுக்கு ஆளுக்கொரு மோர் பாக்கெட் தருகிறார்களாம். அதைக் கொண்டுவந்து, நான் தண்ணீர் பிடிக்கப் போகும் நேரத்தில் சோற்றில் பிசைந்து ஊட்டியிருக்கிறார்.

"மோரு குளிர்ச்சிதானேன்னு குடுத்தேன் புவனா. நம்ம வூட்டு மோரு மாதிரி உப்பில்லாம இருக்கும்னு நெனச்சுகினேன்."

"ஒரு வாய் குடிச்சுப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்குமே."

அவர் தலை நிமிரவில்லை. "கொழந்தைக்குக் கொறையுமேன்னு குடிக்கல."

அந்த வெயிலில் ஒருநாள்கூடக் குடிக்கவில்லை. அந்த மனிதரை என்னவென்று திட்டுவது?

மறுநாள் வெறும் சோற்றோடு உட்கார்ந்தேன். வீங்கிய கண்களைக் கஷ்டப்பட்டுத் திறந்து என்னைப் பார்த்தாள்.

"சாப்புட்டா வீங்குது. சாப்புடலன்னா நீ அழுவுற. நான் என்னாம்மா செய்யட்டும்?"

கையிலிருந்த கவளத்தை நானே வாயில் போட்டுக்கொண்டேன்.