கேட்டாயிற்று

குடியாத்தத்து நெசவுக் குடும்பத்தில் பிறந்து, சென்னைக்குப் போய்ச் சட்டம் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்த செங்கல்வராயனுக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. ஒருவனை நாட்டைவிட்டு அனுப்புவதானால் முதலில் அவன் சொல்வதைக் கேட்க வேண்டும். நோட்டீஸை நீட்டிக் கிளம்பு என்பது சட்டமல்ல, அடாவடி. இதை வகுப்பில் சொன்னார், கூட்டங்களில் சொன்னார், சட்டப் பத்திரிகை ஒன்றில் நீளமாக எழுதவும் செய்தார். பாகிஸ்தானிலிருந்து திரும்பி வந்தவர்களை ஊர் ஊராகத் தேடிப் பிடித்து அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது.

1958-ல் சுப்பராயன் என்ற அரசாங்க அதிகாரி கல்லூரிக்கே வந்து அவரைப் பார்த்தார். அதிர்ந்து பேசாத மனிதர்.

"உங்க கட்டுரையைப் படிச்சோம் சார். நீங்க சொல்றதுதான் நியாயம். இனிமே விசாரிச்சுட்டுத்தான் அனுப்பப்போறோம். முதல் விசாரணைய நீங்களே நடத்திக்குடுக்கணும்."

செங்கல்வராயனுக்குக் கால் தரையில் பாவவில்லை. இத்தனை வருஷம் கத்தியது யார் காதிலோ விழுந்துவிட்டதே!

விசாரணை, வரும் அதிகாரிகள் தங்கும் வேலூர் முசாபரி பங்களாவில் நடந்தது. வந்தவர் மேல்விஷாரத்து சர்தார் பாஷா. தோல் மண்டியில் தரம் பிரிக்கிறவர். ஐம்பதைத் தாண்டியிருந்தார். விரல்களில் தோல் பதனிடும் ஆவாரம்பட்டையின் கறை ஏறியிருந்தது. நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை.

"நாப்பத்தெட்டுல மொதலாளி கராச்சி கடைக்கு அனுப்சாரு சார். ஆறு மாசம் இருந்துட்டு வந்துர்றான்னாரு. அதுக்குள்ள பர்மிட்டுன்னான், அப்புறம் பாஸ்போர்ட்டுன்னான். அந்த ஊரு பாஸ்போர்ட்டு இருந்தாத்தான் ரயிலு ஏத்துவேன்னுட்டான்."

"வாங்கினா அந்த நாட்டுக் குடிமகன் ஆயிடுவீங்கன்னு தெரியுமா?"

"வூட்டுக்கு வர்றதுக்குக் கையெழுத்து போட்டேன் சார். நாட்ட மாத்திக்கவா போட்டேன்?"

சாயங்காலம்வரை கேட்டார் செங்கல்வராயன். குறுக்கே பேசவில்லை, அவசரப்படுத்தவில்லை. பாஷா அழுதபோது தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். நடுவில் ஆம்பூரிலிருந்து தருவித்த பிரியாணியை சுப்பராயன் பக்கத்தில் நின்று பரிமாற, மறுசோறு வாங்கிச் சாப்பிட்டார். பாஷாவும் அவர் மனைவியும் அந்நேரம் வெளியே புளியமரத்தடியில் காத்திருந்தார்கள். பாஷா தானாக விரும்பி நாடு மாறியவர் அல்ல, இங்கேயே இருக்கலாம் என்று செங்கல்வராயன் முடிவு எழுதிக் கொடுத்தார். அது வெளியே போகக் கூடாது என்று கையெழுத்து கேட்டார்கள். போட்டார்.

அடுத்த மாதம் பாஷாவுக்கு வெளியேறச் சொல்லி உத்தரவு வந்தது.

பாஷாவின் வக்கீல் அப்துல் வஹீத் வீட்டுக்கு வந்து சொல்லித்தான் செங்கல்வராயனுக்கே தெரியும். பதறிப்போய் சுப்பராயனுக்கு டெலிபோன் செய்தார்.

"கேக்கணும்னீங்க, கேட்டாச்சு சார். கேட்டபடி செய்யணும்னு எந்தச் சட்டத்துல இருக்கு? நீங்களே அப்படி எழுதலையே." குரலில் கேலிகூட இல்லை. சந்தேகம் கேட்ட மாணவனுக்கு விளக்கம் சொல்வது போலிருந்தது.

செங்கல்வராயன் டெலிபோனை வைத்தார். வஹீத் எதிரே உட்கார்ந்திருந்தார்.

"விசாரிக்காம அனுப்பியிருந்தாங்கன்னா கோர்ட்டுல ஒரே வாதத்துல அடிச்சிருப்பேன் சார். நீங்க போயி உக்காந்தீங்க. எல்லாம் சட்டப்படி ஆயிடுச்சு. இப்ப நீங்க இன்னா முடிவு எழுதுனீங்கன்னு ஒரு அஃபிடவிட்டு குடுத்தா, ஒரு வழி இருக்கு."

"ரகசியம்னு கையெழுத்து போட்டுட்டேன் வஹீத். வேலை போயிடும்."

வஹீத் அவரைத் திட்டவில்லை. குடையை எடுத்துக்கொண்டு எழுந்து போனார்.

வழக்கு வந்த அன்று செங்கல்வராயன் நீதிமன்றத்தில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அரசாங்க வக்கீல் அவருடைய கட்டுரையையே எடுத்துப் படித்தார். இன்ன பக்கம், இன்ன பத்தி. இவ்வளவு கறாரான பேராசிரியரே நாள் முழுக்கப் பொறுமையாகக் கேட்டிருக்கிறார், இதைவிட நியாயமான விசாரணை வேறென்ன வேண்டும் என்றார். பேராசிரியரின் முடிவு என்ன என்று வஹீத் கேட்டதற்கு, அது அரசாங்கத்துக்குச் சொன்ன ரகசிய ஆலோசனை என்று பதில் வந்தது.

கட்டுரையில் படித்தவை செங்கல்வராயன் ராத்திரி பகலாக உட்கார்ந்து எழுதிய வாக்கியங்கள். அரசாங்க வக்கீல் வாயிலிருந்து வந்தபோது, எச்சில் இலையில் தன் பெயர் எழுதியிருப்பதைப் பார்த்தாற்போல் கூசியது. எழுந்து நின்றுவிட்டார்.

"அவர் இங்கேயே இருக்கலாம் என்றுதான் நான் எழுதினேன்!"

நீதிபதி நிமிர்ந்தார். "நீங்கள் இந்த வழக்கில் கட்சிக்காரரா? சாட்சியா?"

"இரண்டும் இல்லை."

"அப்படியானால் உட்காருங்கள்."

உட்கார்ந்தார். மனு தள்ளுபடியானது. வெளியே வராந்தாவில் அரசாங்க வக்கீல் தேடி வந்து, உங்கள் கட்டுரை பிரமாதம் என்று கையை நீட்டினார். செங்கல்வராயன் தன் கையை நீட்டவே இல்லை.

பாஷாவை வடக்கே கொண்டுபோகும் அன்று காட்பாடி ஸ்டேஷனுக்குப் போனார். இரண்டு போலீஸ்காரர்களுக்கு நடுவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த பாஷா, அவரைக் கண்டதும் எழுந்துவிட்டார். மனைவி தள்ளி நின்று, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு திரும்பிக்கொண்டாள்.

"சார், அன்னிக்கு நா எதுனா தப்பா சொல்லிட்டனா?"

"இல்ல பாய். சரியாத்தான் சொன்னீங்க."

"அப்புறம் இன்னாத்துக்கு சார்?"

ரயில் வந்து நின்றது. போலீஸ்காரர்களில் ஒருவர் பாஷாவின் படுக்கையைத் தூக்கி உள்ளே போட்டார்.

கல்லூரியில் அவர் வேலை போகவில்லை. கோர்ட்டில் எழுந்து நின்றதை, படித்தவர்களின் படபடப்பு என்று சிரித்து விட்டுவிட்டார்கள். கொஞ்ச நாளில் சுப்பராயன் திரும்ப வந்தார். விசாரணைகளை நிரந்தரமாக நடத்த ஓர் அதிகாரி வேண்டும், கார் உண்டு, நீங்கள்தான் பொருத்தம் என்றார்.

"நா கேட்டா நீங்க அனுப்புவீங்க. கேக்கலைன்னா அனுப்ப பயப்படுவீங்க. எழுந்து போங்க சார்."

"நீங்க இல்லாட்டி இன்னொருத்தர்" என்றார் சுப்பராயன், வருத்தமே இல்லாமல்.

தான் எழுதியதை மறுத்து செங்கல்வராயன் புதிதாக ஒரு கட்டுரை எழுதினார். கேட்டபடி நடக்கக் கடமையில்லாத விசாரணை, விசாரணை இல்லாததைவிடக் கேடு என்று. தொனி சரியில்லை என்று பத்திரிகை திருப்பியனுப்பியது. அடுத்த விசாரணைக்கு அவரிடம் படித்த ஒருவரையே நியமித்தார்கள். அவரும் ரொம்பப் பொறுமையாகக் கேட்டார் என்று பேசிக்கொண்டார்கள்.