விட்டுவைத்த ஒரு படி

திரையில் ஐந்து கட்டங்கள் இருந்தன. பாடம், பருவம், அலகுகள், முடிக்க வேண்டிய தேதி, உரிமையாளர். புள்ளியியல் என்ற வரிசையின் கடைசிக் கட்டத்தில் பெனடிக்ட் சாரின் பெயர் இருந்தது. அந்தப் பாடத்தைப் பதினோரு வருடங்களாக நடத்திவருவது நான்.

பிப்ரவரி முதல் வாரம் அது. எங்கள் பல்கலைக்கழகத்தின் நெய்வேலி வளாகத்தில் எல்.எம்.எஸ். கொண்டுவருவதற்கான மூன்றாவது கூட்டம். பாடக்குறிப்பு, வீடியோ, தேர்வு, மதிப்பெண் எல்லாம் இனி மாணவர்களின் கைபேசியிலேயே ஒரே இடத்தில் இருக்கும் என்பதை முதல் இரண்டு கூட்டங்களில் சொல்லி முடித்திருந்தார்கள். எந்தப் பாடத்தை முதலில் ஏற்றிப் பார்ப்பது என்பதுதான் அன்றைய பேச்சு.

“உங்க ரிசல்ட்தான் மேடம் நல்லாருக்கு. புள்ளியியல்ல இருக்கற பதினாலு பாடத்தையும் மார்ச்சுக்குள்ள ஏத்திடுங்க,” என்றார் பெனடிக்ட் சார். அவர் துறைத்தலைவர். இந்தத் திட்டத்துக்கும் அவரே பொறுப்பாளர்.

“பேரு உங்க பேரா இருக்கே சார்?”

“எம்ப்ளாயி நம்பர் கேக்குதும்மா சிஸ்டம். காண்ட்ராக்ட்ல இருக்கறவங்களுக்கு நம்பர் கிடையாதே. யார் பேர்லயாவது போடணும்ல?”

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஒப்பந்தத்தில் இருப்பவர்களுக்குச் சிரிப்பு சீக்கிரம் வந்துவிடும். என்னிடம் அதைப் பலமுறை கவனித்திருக்கிறேன்.

என் ஒப்பந்தம் மே முப்பத்தொன்றோடு முடிகிறது. வருடாவருடம் முடியும், பிறகு புது ஆணை வரும். பதினோரு முறை வந்திருக்கிறது. பன்னிரண்டாவது முறை வராமல் போகலாம் என்று அந்தக் கட்டத்தைப் பார்த்த அன்றுதான் முதன்முதலாகத் தோன்றியது. பாடம் முழுவதும் வீடியோவாக உள்ளே போய்விட்டால், நடத்துகிறவள் எதற்கு?

மந்தாரக்குப்பத்தில் எங்கள் வாடகை வீட்டு வாசலில் பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்த நிலவனிடம் சொன்னேன். என் கணவர் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் ஒட்டுகிறவர். அவரும் காண்ட்ராக்ட்தான்.

“பதினாலையும் முழுசாக் குடுத்துட்டுக் கையக் கட்டிகினு நிக்கப் போறியா?” என்றார். “டெண்டர் மாறுனா புது கேங்குக்கு நாங்க எல்லாம் காட்டுவோம். பெல்ட்டோட ரெண்டு முனையையும் படிப்படியாச் சீவி, ஒண்ணு மேல ஒண்ணு வச்சி, சூடு குடுக்கறது வரைக்கும். ஒண்ணே ஒண்ணு மட்டும் காட்ட மாட்டோம்.”

“எது?”

“உனக்கே சொல்ல மாட்டேன்.” சிரித்தார். “அந்த ஒண்ணுக்காவது நம்மளத் தேடிகினு வரணுமே மணி.”

நான் விட்டுவைக்க வேண்டியது எது என்று அதிகம் யோசிக்கத் தேவையிருக்கவில்லை. வகுப்பில் எந்தக் கணக்கையும் நான் உடனே போட விடமாட்டேன். “பேனாவக் கீழ வைங்க. முதல்ல நம்பரப் பாருங்க. எது ஒட்டல? ஏன் ஒட்டல?” என்று கேட்பேன். பண்ருட்டி முந்திரி மூட்டைகளின் எடை எண்பது, எண்பத்தொன்று, எழுபத்தொன்பது, பதினெட்டு என்று பலகையில் எழுதுவேன். அவசரக்காரர்கள் சராசரியைக் கண்டுபிடித்துவிட்டுக் கையைத் தூக்குவார்கள். யாராவது ஒரு பெண் மட்டும், “மேடம், எண்பத்தொண்ணத் திருப்பி எழுதிட்டாங்க,” என்பாள். புத்தகத்தில் இல்லாத அந்த நிமிடம்தான் என் வகுப்பு.

பதினான்கு வீடியோவிலும் அந்த நிமிடத்தை விட்டுவிட்டேன். சூத்திரம் இருந்தது, கணக்கு இருந்தது, விடை இருந்தது. யாரும் குறை சொல்ல முடியாது. கடைசி வீடியோவை ஏற்றியபோது மனத்துக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. அது பாதுகாப்பாக இருப்பவளின் சந்தோஷமா, பழிவாங்கியவளின் சந்தோஷமா என்று பிரித்துப் பார்க்க நான் முயலவில்லை.

மார்ச்சில் ஒரு நாள் ஏஞ்சலின் என்னைத் தன் கணினிப் பக்கம் கூப்பிட்டாள். எல்.எம்.எஸ்ஸைப் பராமரிக்கும் பெண். அவளும் எங்கள் ஜாதிதான், காண்ட்ராக்ட்.

“அக்கா, யார் எப்ப உங்க பாடத்தத் தொறந்தாங்கன்னு இங்க வரும் பாருங்க.”

மாணவர்களின் பெயர்கள் சிதறலாக இருந்தன. பேருந்து நேரங்களில், சாப்பாட்டு நேரத்தில், பண்ருட்டியிலிருந்தும் குறிஞ்சிப்பாடியிலிருந்தும். ஒரு பெயர் மட்டும் ஒரே நேரத்தில் வந்துகொண்டிருந்தது. பெனடிக்ட், காலை ஐந்து நாற்பது, இருபது நிமிடம். தினமும்.

“சார் ரொம்ப சின்சியர்க்கா,” என்றாள் ஏஞ்சலின்.

சின்சியர் என்ற சொல் எனக்கு வேறு மாதிரி கேட்டது. என் பாடத்தை அவர் மனப்பாடம் செய்கிறார். ஜூனில் வீடியோவை ஓடவிட்டு, சந்தேகத்துக்குத் தானே பதில் சொல்லிவிடுவார். இல்லையென்றால் ஐந்து நாற்பதுக்கு எதற்கு? ஊர் விழிக்காத நேரத்தில் செய்வது நல்ல காரியமாக இருக்குமா? அன்றிலிருந்து அவர் வரும் படிக்கட்டை விட்டு வேறு வழியாகப் போனேன். என் பாட நோட்டை மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். “வீடியோல பாத்தா புரியல மேடம், நீங்களே நடத்துங்க,” என்று மாணவிகள் வந்து நின்றபோது, வராண்டாவில் அவர் காதில் விழும்படி, “இன்னொரு தடவ சொல்லும்மா,” என்றேன்.

ஏப்ரலில் புதிய முறையில் முதல் தேர்வு நடந்தது. அறுபத்திரண்டு பேர் எழுதினார்கள். ஏழாவது கேள்வியில் ஓர் எண் தவறாக இருந்தது, வருடாவருடம் வைப்பதுபோல வேண்டுமென்றே. ஐம்பத்தெட்டு பேர் அதையும் சேர்த்துச் சராசரி போட்டிருந்தார்கள். நான் நேரில் நடத்திய வருடங்களில் தேர்வில் இப்படி ஒருநாளும் நடந்ததில்லை.

இருபத்திரண்டாம் தேதி காலையில் பெனடிக்ட் சார் கூப்பிட்டார். அறையில் வேறு யாரும் இல்லை.

“உக்காருங்க மேடம். ஒரு பாடத்துல விட்டுப்போனா மறதின்னு நெனைக்கலாம். பதினாலுலயும் ஒரே எடத்துல விட்டுப்போகுமா?”

நான் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தேன்.

“உங்க கிளாஸ நான் வெளிய நின்னு கேட்டிருக்கேன். பேனாவக் கீழ வைங்கன்னு சொல்வீங்களே, அது எங்க?”

“அதுக்குத்தான் தெனமும் அஞ்சு நாப்பதுக்குப் பாத்தீங்களா சார்?”

அவர் முகம் நிமிர்ந்தது. “அதெல்லாம் வேற தெரியுதா அதுல? ஆறு மணிப் பூசைக்கு முன்னாடி சர்ச் வாசல்ல உக்காந்திருப்பேன்ம்மா. அப்பதான் ஃபோன்ல யாரும் கூப்பிட மாட்டாங்க.” கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்து என் பக்கம் திருப்பி வைத்தார். பதிவாளருக்கு எழுதிய கடிதம். எல்.எம்.எஸ்ஸில் பாடம் ஏற்றும் ஒப்பந்த ஆசிரியர்களுக்கு எண் வழங்கி, அவர்கள் பெயரையே உரிமையாளர் என்று பதிய வேண்டும். முதல் பெயர் ம. மணிமொழி. தேதி பிப்ரவரி ஐந்து.

“இந்த ரிசல்ட்ட வச்சிகிட்டு நான் என்னன்னு பேசறது? அந்த மேடம் இல்லாட்டி பாடம் நடக்காதுன்னு சொல்லவா, அந்த மேடம் வேணும்னே விட்டாங்கன்னு சொல்லவா?”

வெளியே வந்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் பாதிப் படிக்கட்டில் வெட்கம் நின்றுவிட்டது. நான் பார்த்தது கடிதத்தின் நகலை. அது போனதா?

மறுநாள் காலையில் வளாகத்துக்கு நேராக வரவில்லை. பதிவாளர் அலுவலகம் டவுன்ஷிப்பில் வேறு பிளாக்கில் இருக்கிறது. சுற்றிக்கொண்டு போனேன். தபால் பிரிவில் ருக்குமணி அக்கா வந்த கடிதங்களின் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். பிப்ரவரியில் இல்லை. மார்ச்சில் இல்லை. ஏப்ரல் இருபத்திரண்டு, மாலையில் வந்திருந்தது. என்னிடம் பேசிய பிறகு.

“என்ன மேடம், மொகம் ஒரு மாதிரி ஆயிடுச்சி?” என்றார் ருக்குமணி அக்கா.

“ஒண்ணுமில்லக்கா. வந்திருக்கு.”

நிலவன் சொன்ன அந்த ஒன்றை அவரும் கையில் வைத்திருந்திருக்கிறார். இரண்டரை மாதம். நான் முழுதாகக் கொடுக்கிறேனா என்று பார்த்துக்கொண்டு. கோபம் வரும் என்று காத்திருந்தேன். வந்தது கோபமில்லை. கண்ணாடிக் கதவில் தன் பிம்பத்தோடேயே மோதிக்கொண்டவளின் கூச்சம். நான் பார்த்துக்கொண்டிருந்த எண்களில் ஒட்டாதது ஐந்து நாற்பது. எது ஒட்டவில்லை என்று பார்த்தேன். ஏன் என்று கேட்கவில்லை. மாணவர்களுக்கு நான் மறைத்ததை என்னிடமும் மறைத்துக்கொண்டிருந்தேன்.

பதினான்கு வீடியோக்களையும் மறுபடி எடுத்தேன். முழுதாக. ஆனால் சும்மா கொடுக்க மனம் வரவில்லை. விட்டுவைத்த படியில் முந்திரி மூட்டைகளுக்குப் பதில் என்னை வைத்தேன். “மணிமொழி வீட்டிலிருந்து வளாகத்துக்கு வர ஆகும் நிமிடங்கள்: இருபத்திரண்டு, இருபத்தைந்து, பத்தொன்பது, நாற்பது. எது ஒட்டவில்லை?” தொடக்கத்தில் பெயர் சொன்னால் வெட்டி எடுத்துவிடலாம். நடுப்படியில் இருந்தால், அதை வெட்டினால் கணக்கே நின்றுவிடும். நிலவனிடம் காட்டினேன்.

“பெல்ட்டு ஜாயிண்ட்டு மாதிரியே கீது,” என்றார். “எங்க ஒட்டுனன்னே தெரியல.”

மே கடைசி வாரத்தில் ஆணை வந்தது. வழக்கம்போல் ஒரு வருடத்துக்கு. கூடவே ஓர் எண், ஆறு இலக்கம். ஏஞ்சலின் அதைத் தட்டினாள். உரிமையாளர் கட்டத்தில் பெனடிக்ட் சாரின் பெயர் போகவில்லை. அதன் கீழே இரண்டாவதாக என் பெயர் வந்து உட்கார்ந்தது.

“ஒரு பேர எடுக்கணும்னா லெட்டர் வேணும்க்கா,” என்றாள் அவள், என்னைப் பார்க்காமல்.

ஜூனில் வகுப்பு தொடங்கிய அன்று படிக்கட்டில் அவர் எதிரே வந்தார். நான் வழி மாற்றவில்லை.

“எல்லாம் பாத்தேன் மேடம். நல்லாருக்கு. அந்த நாப்பது நிமிஷம் ஆன அன்னிக்கு என்ன ஆச்சு?”

பஸ் வரவில்லை என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனியில் இருந்தது.

“உங்க லெட்டர் போச்சான்னு பாக்கப் போயிருந்தேன் சார்.”

அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கீழே முதல் மணி அடித்தது.

“ஏப்ரல் இருபத்திரெண்டு,” என்றார்.

“ஆமா சார்.”

“பாடம் முழுசா வரட்டும்னுதான் வச்சிருந்தேன்.”

“நானும் ஆர்டர் வரட்டும்னுதான் சார்.”

அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. என்னிடம் அது புதிது. வகுப்புக்கு நேரமாகிவிட்டதென்று இருவரும் ஆளுக்கொரு பக்கம் நகர்ந்தோம்.

மறுநாள் காலையில் பால் காயும்போது கைபேசியை எடுத்தேன். இப்போது உரிமையாளர் என்பதால், யார் எப்போது திறந்தார்கள் என்ற அந்தப் பட்டியலைப் பாடத்துக்குள் போய் நானே பார்க்க முடியும். மணி ஐந்து நாற்பத்தொன்று. அவர் பெயர் இருந்தது. திறந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது, அவர் பட்டியலில் என் பெயரும் இப்போது அதே நிமிடத்தில் விழுந்திருக்கும் என்று.