கடைசிப் பக்கத்தில் யோரின் எழுதியது

தெருமுனைப் புத்தக அலமாரியில் அது இல்லை. மூன்று தட்டுகளையும் கலைத்துத் தேடிவிட்டேன். படித்து முடித்ததை அங்கே வைத்துவிட்டுப் பிடித்ததை எடுத்துப்போவது எங்கள் உத்ரெக்ட் தெருக்களில் வழக்கம். அப்பா தெரியாமல் அதையும் கொண்டுபோய் வைத்துவிட்டார்.

போன மாதம் இறந்துபோன என் தோழி யோரின் கொடுத்த நாவல் அது. ஓரமெல்லாம் அவள் பென்சிலில் எழுதிய குறிப்புகள்.

"படிச்சியாடி?" என்று ஆஸ்பத்திரியில் கேட்டாள்.

"முடிச்சிட்டேன். அழுதுட்டேன்," என்றேன். பாதிகூடத் தாண்டியிருக்கவில்லை.

"அப்போ கடைசிப் பக்கத்துல நான் கேட்டதுக்குப் பதில் சொல்லு கழுதை."

"யோசிச்சுச் சொல்றேன்," என்றேன். சரி என்று சிரித்தாள்.

நாளை அவள் அம்மா புத்தகத்தை வாங்க வருகிறார். பயமாக இருக்கிறது. தொலைத்துவிட்டதை அவரிடம் சொல்லிவிடுவேன், திட்டினால் திட்டட்டும். ஆனால் யோரின் என்னிடம் என்னதான் கேட்டிருந்தாள்?